காலி டப்பா கொடுத்தால்தான் சாமான்

வடிவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவள் குரலை எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது? பட்டரவாக்கம் ஸ்டேஷன் நடைமேடையின் ஒரு கோடியில் நின்றுகொண்டு "ஏய் சுதா!" என்று அவள் கூப்பிட்டால், மறுகோடியில் நடந்துகொண்டிருக்கும் முன்பின் தெரியாத சுதாக்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். கொரட்டூரிலிருந்து நான் வருவேன், அண்ணனூரிலிருந்து அவள் வருவாள். இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் கம்பெனிக்குச் சேர்ந்தே நடப்போம். தண்ணீர் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி. நான் இன்ஸ்பெக்‌ஷன். அதாவது, பூட்டி முடித்த பம்பில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. எனக்காகவே செய்த வேலை என்று என் வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது?

வடிவின் வேலை சாமான் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஊருக்கு அல்ல, கம்பெனிக்குள்ளேயே. ஸ்டோர்ஸ் ஒரு ஷெட்டில் இருக்கிறது, பாகங்களைச் சேர்த்துப் பம்பு பூட்டும் மேஜை வரிசைகள், அதாவது லைன்கள், இன்னொரு ஷெட்டில். நடுவில் திறந்தவெளி. போல்ட், வாஷர், பேரிங் எல்லாம் நீல நிற பிளாஸ்டிக் டப்பாக்களில் இங்கிருந்து அங்கே போக வேண்டும். கேட்டால் ரொம்பச் சின்ன விஷயம். ஒரு வாஷர் வராவிட்டால் ஒரு லைனே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வேலைக்கு வடிவு பிறந்தே வந்தவள். போன வழியிலேயே திரும்பி வரக்கூடாது, வெறுங்கையோடும் வரக்கூடாது என்பது அவள் கொள்கை. ஆவடி மார்க்கெட்டில் அவளோடு காய் வாங்கப் போனால் தெரியும். முதலில் பூசணி, பிறகு உருளை, வெளியே வரும் வழியில் தக்காளி, கடைசியாகக் கீரை. நடுவில் நாம் "பச்சை மிளகாய் மறந்துட்டேன்டி" என்று திரும்பினால், ஏதோ குடும்ப மானம் போனதுபோல் பார்ப்பாள்.

பூந்தமல்லியில் அவள் நாத்தனார் மகள் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியும் மோர் வாளியும் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டன. இலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் வேட்டியில் சாம்பார். வடிவு பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். "அல்லாரும் இந்தாண்ட பூந்து அந்தாண்ட வாங்கோ! எதுத்தாப்ல எவனாச்சும் வந்தான், வாளிய அவன் தலையிலயே கவுத்துருவேன்!" அடுத்த பந்தியிலிருந்து பரிமாறல் சர்ரென்று ஓடியது. மாப்பிள்ளை வீட்டார் அவளைச் சமையல் கான்டிராக்டர் என்று நினைத்து போன் நம்பர் கேட்டார்கள். அவள் கணவர் பரந்தாமன் அன்று என்னிடம் சொன்னார்: "இதுவாச்சும் பரவால்ல சுதா. ஊட்டுல சமையக்கட்டுக்கே ஒன்வே போட்டு வெச்சிகிறா. நான் தண்ணி குடிக்கணும்னா சுத்திகினுதான் போவணும்."

அவளுடைய அப்பா அம்மா அயப்பாக்கம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வயலெல்லாம் இன்று அடுக்குமாடி. அதைச் சொல்லி யாராவது பெருமூச்சு விட்டால் வடிவுக்கு எரியும். "நாத்து நட்டு நட்டு எங்கம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம். உங்களுக்கு வேணும்னா போய் நடுங்கோ" என்பாள். பதினெட்டு வயதில் எங்கள் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்கு வந்தாள். பிறகு தள்ளுவண்டி. அதன் பிறகுதான் ரயில் வந்தது.

ரயில் என்று நாங்கள் சொன்னது ஒரு பேட்டரி வண்டியை. முன்னால் ஒருவர் நின்று ஓட்ட வேண்டும், பின்னால் மூன்று தட்டுவண்டிகள் கோத்து வரும். அதற்கு முன்பெல்லாம் எந்த லைனில் எது தீர்ந்தாலும் அந்த லைன் ஆள் ஒருத்தி ஸ்டோர்ஸுக்கு ஓடுவாள். போகிறவள் சும்மா வருவாளா? ஸ்டோர்ஸில் இரண்டு கதை, தண்ணீர்க் குழாயில் ஒரு கதை, பேசி முடித்துத் திரும்பும்போது லைன் தூங்கி வழியும். அதனால் திட்டம் போடுகிற இன்ஜினியர் ராகவனும் வடிவும் சேர்ந்து புது ஏற்பாடு செய்தார்கள். ராகவன் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி, கொஞ்சம் பதற்றக்காரர். அவர் கம்ப்யூட்டரில் நேரம் பிரித்தார், இவள் சாக்பீஸோடு தரையில் வளைவு நெளிவு போட்டாள். "சார், அந்தத் தூணாண்ட திரும்பும்போது கடைசி வண்டி இடிக்கும்", "சரிம்மா, தூணைத் தாண்டித் திரும்பலாம்" என்று ஒரு வாரம் இருவரும் குனிந்த தலை நிமிராமல் ஷெட்டைச் சுற்றினார்கள்.

ஏற்பாடு இதுதான். மணிக்கு ஒருமுறை ரயில் எல்லா லைனுக்கும் வரும். காலியான டப்பாக்களை எடுத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் அதே டப்பாக்கள் நிரம்பி வரும். யாரும் எழுதித் தர வேண்டாம், போன் பண்ண வேண்டாம், ஓட வேண்டாம். காலி டப்பா கொடுத்தால்தான் சாமான், அவ்வளவுதான்.

மேனேஜர் சிவராமன் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். சரியாக ஓடினால் வண்டி இங்கேயே இருக்கும். ஓடாவிட்டால் வண்டி ஒரகடத்தில் இருக்கும் எங்கள் இன்னொரு ஆலைக்குப் போகும், ஓட்டப் பழகிய வடிவும் அதோடு போவாள்.

இதைக் கேட்டு எல்லோரும் "ஒரகடம்னா இன்னா, கம்பெனி பஸ்ஸு கீது, சம்பளமும் அதேதான்" என்றார்கள். வடிவின் அவ்வளவு பெரிய வாய் அன்று மூடியே கிடந்தது. எனக்கு மட்டும் காரணம் தெரியும்.

பரந்தாமன் ஆவடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கிறார். காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். ஏழு மணிக்கு வடிவு கிளம்புவாள். மாலை இவள் வீடு திரும்புவதற்குள் அவர் சைக்கிளை எடுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்பீர்கள். ஐஸுக்கு ஞாயிறுதான் கிராக்கி, அன்று அவர் இன்னும் சீக்கிரம் போவார். அவருடைய லீவு வாரத்தின் நடுவில், அன்று பொழுதுக்கும் தூக்கம். ஆக, காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் அவர்கள் குடும்பம் நடத்துகிற நேரம். அவர் குளிர் விட்டுப் போகச் சூடாக ரசம் குடிப்பார், இவள் எதிரே உட்கார்ந்து முந்தின நாள் கதையெல்லாம் சொல்வாள். மகள் சுவேதா, வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கிறவள், அந்த நேரத்தில் வேண்டுமென்றே குளிக்கப் போய்விடுவாளாம்.

ஒரகடம் பஸ் விடியற்காலை ஐந்துக்கே கிளம்பிவிடும். அப்புறம் அந்த ஒரு மணி நேரமும் இல்லை.

"ஏண்டி, இதை மேனேஜர்கிட்ட சொல்லேன்" என்றேன்.

"புருசனோட ரசம் குடிக்கணும் சார்னு சொல்லச் சொல்றியா? போடி, வெக்கமா கீது" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவர் மேல் பிரியம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

முதல் வாரம் ரயில் ஜோராக ஓடியது. இரண்டாம் வாரத்தில் ஒரு விசித்திரம். ரயில் ஒவ்வொரு லைனாக நின்று நின்று வரும், ஆனால் எடுத்துப்போகக் காலி டப்பாவே இருக்காது. டப்பா திரும்பாததால் சாமானும் போகவில்லை. ரயில் வெறும் தட்டோடு கடகடவென்று சுற்றியது. ஸ்டோர்ஸில் சாமான் மலையாகக் கிடக்கிறது, போட டப்பா இல்லை. லைனிலோ "ரயிலு வெறும் வண்டியா வருது, ஒண்ணும் குடுக்க மாட்டேங்குது" என்று கூச்சல். இரண்டு லைன் அரை மணி நேரம் நின்றே போயிற்று. வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று வாழ்ந்தவள் வெறும் வண்டி ஓட்டிய முகத்தை நான் பார்த்தேன். ராகவன் புதிதாக டப்பா ஆர்டர் போடலாமா என்று நகம் கடித்தார்.

"புதுசு போட்டாலும் அதுவும் காணாமதான் சார் பூடும்" என்றாள் வடிவு. "எங்கியோ குந்திகினு கீது."

குந்தியிருந்த இடம் மூன்றாம் லைன். அந்த லைனின் லீடர் சித்ரா அக்கா. வேலையில் புலி, வாயில் அதைவிடப் பெரிய புலி. அன்று வடிவு என் மேஜைக்கருகே வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே விழுந்த ஒரு வாஷரை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே மூன்றாம் லைன் மேஜைகளுக்கு அடியில் பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பென்றால், ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

நானும் குனிந்தேன். மேஜைகளுக்கு அடியில் நீல டப்பாக்கள் வரிசையாக நின்றன. முன்னால் நிரம்பிய டப்பாக்கள். அவற்றுக்குப் பின்னால் காலி டப்பாக்கள், ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒவ்வொரு கலரில் நூல், கந்தல் துணி, ஒன்றில் பழைய தலைமுடி ரப்பர் பேண்டு.

தெருவில் தண்ணீர் லாரி வருகிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லாரி எப்போது வரும் என்று தெரியாது. அதனால் வீட்டில் இருக்கிற பாத்திரமெல்லாம் நிரப்பி வைப்போம். காலிக் குடத்தையோ அடையாளத்துக்கு ஒரு துணி கட்டி வரிசையில் போட்டு வைப்போம். குடம் வரிசையில் இருந்தால் நம் முறை போகாது. காலிக் குடத்தை எவளாவது அடுத்தவள் கையில் தூக்கிக் கொடுப்பாளா? கொடுத்தால் குடமும் போச்சு, தண்ணியும் போச்சு. எங்கள் பெண்களிடம் போய், "உள்ளதைச் சேர்த்து வைக்காதே, காலியைக் கொடுத்துவிடு, வேண்டிய நேரத்தில் தானாக வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டிவிட்டு மேஜைக்கு அடியில் வரிசை போட்டார்கள்.

"யக்கா, இன்னா லாரிக்கு குடம் போட்டு வெச்சிகிறியா?" என்றாள் வடிவு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சித்ரா அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஆமா, போட்டு வெச்சிகிறேன், இப்ப இன்னான்ற? நாளைக்கு உன் வண்டி படுத்துக்கும். அப்ப என் பொண்ணுங்கோ தலைகுனிஞ்சி நிக்கணுமா? போன வருசம் பேரிங் வராம நின்னோமே, அல்லாரு முன்னாடியும் என்னியதானே கேட்டாங்கோ! அப்ப எவ வந்தா?"

"நீ டப்பா குடுக்காததாலதான்க்கா வண்டி வெறுசா வருது!"

"வண்டி வெறுசா வரதாலதான்டி நான் டப்பா குடுக்கல!"

இரண்டும் உண்மை. இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். ராகவன் ஓடிவந்து, மேஜை மேஜையாகச் சோதனை போட்டு எல்லா டப்பாவையும் எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். வடிவு வேண்டாம் என்றுவிட்டாள். "தேடி எடுத்தா அவங்கள திருடிங்கோன்னு சொன்னா மாதிரி ஆயிடும் சார். நாளைக்கு அவங்க மூஞ்ச நான் எப்டி பாக்கறது? அவங்களா குடுக்கணும்."

அவர்களாக எப்போது கொடுப்பது? மாதம் முடிய இன்னும் இரண்டே வாரம்தான். எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அன்று சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் சித்ரா அக்கா எதிரே தட்டை டொம்மென்று வைத்தேன்.

"கையில வெண்ணெய வெச்சிகினு நெய்க்கு அலையறவள இப்பத்தான்க்கா பாக்குறேன். உன் மேஜைக்கு அடியில சாமான வெச்சிகினு சாமான் வரலன்னு கத்துற. அவ ஒரகடம் போனா இன்னா ஆவும் தெரிமா?" என்று ஆரம்பித்து, ஆறு மணி, ஏழு மணி, ஐஸ் கம்பெனி, ரசம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லாதே என்றுதான் வடிவு சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. இதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

சித்ரா அக்கா கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமா?" என்றாள். "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாவாம் அவளுக்கு? நான் இன்னா ராட்சசியா?"

"கொஞ்சம்" என்றேன்.

சாப்பாடு முடிந்து முதல் சுற்று ரயில் வந்தபோது மூன்றாம் லைன் வாசலில் டப்பாக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. காலியும் இருந்தது, பதுக்கி வைத்த நிரம்பியதும் இருந்தது. அதைப் பார்த்ததும் முதல் லைன் நைசாக எங்கிருந்தோ நாலு டப்பாவைத் தள்ளியது. ஐந்தாம் லைனில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து இரண்டு. கடைசியில் பார்த்தால் பதுக்காத லைனே இல்லை. சித்ரா அக்கா மேல் மட்டும் பழி. ரயில் மூன்று தடவை வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.

"இன்னிக்கி என் ஊட்ல ஒரு சொட்டு தண்ணி இல்லாம குடத்த உங்கைல குடுத்துகிறேன்" என்றாள் சித்ரா அக்கா வடிவிடம், ஆள்காட்டி விரலை ஆட்டிக்கொண்டு. "ஒரு வாட்டி, ஒரே வாட்டி நீ வராம போ. அப்பறம் பாரு இந்த சித்ராவ."

"வருவேன்க்கா" என்றாள் வடிவு.

அதன் பிறகு ரயில் ஓடியது பாருங்கள், அதுதான் ஓட்டம். டப்பா போகும், வரும், போகும், வரும். மேஜைக்கு அடியில் கால் நீட்ட இடம் கிடைத்ததே பெரிய அதிசயம் என்று பெண்கள் சொன்னார்கள். சித்ரா அக்கா மட்டும் ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டி தலை தெரிந்த பிறகுதான் அவள் தோள் இறங்கும்.

மாதத்தின் கடைசி நாள். காலையிலிருந்தே வானம் ஒரு மாதிரி. பதினோரு மணிக்குப் பிடித்தது மழை. எஸ்டேட் மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேலிருந்து பெய்வது பாதி, சாக்கடையிலிருந்து வருவது மீதி. சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் இருந்த திறந்தவெளி குளமாகிவிட்டது. பேட்டரி வண்டி அதில் இறங்கினால் அங்கேயே சமாதிதான்.

இந்தப் பக்கம் மூன்றாம் லைனில் பேரிங் டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்தது. மேஜைக்கு அடியில் ஒன்றும் இல்லை. ஒரு பெண் மெதுவாக, "யக்கா, ஒரே ஒரு டப்பாவாச்சும் வெச்சிருக்கலாம்" என்றாள். சித்ரா அக்கா டப்பாவில் இருந்ததை விரலால் எண்ணினாள். அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. லைன் நின்றால் மாதம் முழுக்க ஓடியதெல்லாம் போச்சு. வடிவும் போய்விடுவாள்.

அந்தப் பக்கம் ஸ்டோர்ஸ் வாசலில் வடிவு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். ராகவன் "மழை நிக்கட்டும்மா" என்றிருக்கிறார். "மழ நிக்கும் சார், லைனும் நின்னுடும்" என்றவள், வண்டியிலிருந்து ஒரு தட்டுவண்டியைக் கழற்றினாள். இரண்டு ஷெட்டையும் தொட்டுக்கொண்டு நிற்கிற கட்டடம் ஒன்று உண்டு. கேன்டீன். இந்தக் கதவில் நுழைந்தால் அந்தக் கதவில் வரலாம், கால் நனையாது. ஆனால் கேன்டீன் மாஸ்டர் பாண்டியன் செருப்புச் சேறோடு ஆளையே உள்ளே விட மாட்டார், வண்டியை விடுவாரா?

லைன் லைனாக முறை வைத்துச் சாப்பிடுகிற நேரத்தின் உச்சம், மூன்றாம் லைன் முறை இன்னும் வரவில்லை. பெஞ்சு பெஞ்சாக ஜனம். கதவு படாரென்று திறந்தது. "வழி! வழி! காலத் தூக்குங்கோ!" என்று அந்தக் குரல். முன்னால் வடிவு இழுக்க, பின்னால் ராகவன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தள்ள, நீல டப்பாக்கள் ஆடி ஆடி வந்தன.

பாண்டியன் கரண்டியோடு குறுக்கே பாய்ந்தார். "யம்மா யம்மா, இன்னாம்மா இது அநியாயம்! இது சாம்பார் வண்டி வர்ற வழி!"

"அப்டின்னா சாம்பார் வண்டிய எம் பின்னாடி வரச் சொல்லுண்ணாத்தே! எதுத்தாப்ல வராத!"

கேன்டீனே கால்களைத் தூக்கி பெஞ்சு மேல் வைத்துக்கொண்டது. ஜன்னலோரம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பவ்யமாகக் காலைத் தூக்கினார். வண்டி அவரைத் தாண்டிப் போன பிறகுதான் அது மேனேஜர் சிவராமன் என்று ராகவனுக்கு உறைத்ததாம்.

மூன்றாம் லைனில் கடைசி பேரிங்கை ஒருத்தி கையில் எடுத்துவிட்டாள். சித்ரா அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் தட்டுவண்டியின் சக்கரச் சத்தம். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த கறிவேப்பிலையைத் தட்டிவிட்டு, மூச்சு வாங்க வடிவு பேரிங்கை நீட்டினாள். லைன் நிற்கவில்லை.

"ஏண்டி இவ்ளோ நேரம்!" என்று சித்ரா அக்கா கத்தினாள். கத்திக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழுதது யார் என்று கேட்டால் இரண்டு பேருமே இல்லை என்பார்கள்.

மழை விட்டு, தண்ணீரும் வடிந்து, மூன்று மணி டீ நேரத்தில் சிவராமன் ஷெட்டுக்கு வந்தார். அதிகம் பேசுகிறவர் அல்ல. "வண்டி இங்கேயே இருக்கட்டும். வடிவும் இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு, "கேன்டீன் வழி இன்னையோட சரி. பாண்டியன் எங்கிட்ட வந்து அழறார்" என்றார். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ராகவன் எல்லோருக்கும் கைகொடுத்தார், எனக்கு இரண்டு தடவை கொடுத்தார்.

வடிவு மட்டும் கை தட்டவில்லை. நேராகச் சிவராமன் முன்னால் வந்து, "சார், எனக்கு இப்ப பர்மிசன் வேணும். ஊட்டுக்குப் போவணும்" என்றாள்.

"இப்பவா? எதுக்கு?"

"அவரு அஞ்சு மணிக்கு டூட்டிக்குக் கெளம்பிடுவாரு. அதுக்குள்ள சொல்லணும்."

"போன்ல சொல்லலாமே."

"இது போன்ல சொல்ற சமாச்சாரம் இல்ல சார்" என்றாள். வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ, அத்தனை பேருக்கும் நடுவில் சொன்னாள்.

சிவராமன் தலையாட்டினார். கடைசி இரண்டு சுற்றையும் பழைய தள்ளுவண்டியில் ராகவனும் சித்ரா அக்காவும் தள்ளினார்கள். வழி முழுக்கச் சண்டை.

மறுநாள் காலை பட்டரவாக்கம் ஸ்டேஷனில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "பரந்தாமன் அண்ணன் இன்னாடி சொன்னாரு?"

"சொல்றதா? நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சட்டைய மாட்டிகினு, வா, டீ குடிச்சிட்டு வரலாம்னு கடைத்தெருவுக்கு இட்டுகினு போனாரு" என்றாள் வடிவு. முதல் தடவையாக அவள் குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இருந்தது. "சாயங்கால வெயில்ல ரெண்டு பேரும் ரோட்டுல நடந்து எத்தினி வருசம் ஆச்சி தெரிமா சுதா? பக்கத்து ஊட்டுக்காரி நிறுத்தி, யாருடி இதுன்னு கேக்குறா."